சூலுற்ற வயிற்றில் திடீர் வலி

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் பெண் கொடுப்பதும் கொள்வதும் நின்றுவிடவில்லை. விளவங்கோட்டுப் பெண் பாறசாலையில் வாழ்க்கைப்படுகிறாள். பாறசாலைப் பெண் மார்த்தாண்டத்தில் இல்லறம் நடத்துகிறாள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் பெண்களுள் பலர் அந்த எல்லையைக் கடந்தே செல்கின்றனர்.

அத்தகைய ஒரு வீட்டை நாம் மனத்தில் அமைத்துக்கொள்வோம். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். கணவன் மும்பையில் வேலை பார்க்கிறான். நள்ளிரவில் அவளுக்கு வயிற்றில் வலி எடுக்கிறது. ஒருமுறை வாந்தியும் ஆகிறது. "சூட்டு வலிதான்" என்கிறார் மாமியார். "வாயுவாக இருக்கும், பெருங்காயம் கரைத்துக் கொடுங்கள்" என்கிறார் ஒருவர். அடுத்த வீட்டு மலையாள அம்மையார் சீரக வெந்நீருடன் வருகிறார். பிள்ளை புரள்கிறது என்கிறார் வேறொருவர். பொழுது விடியட்டும் என்று எல்லோரும் காத்திருக்கின்றனர்.

இவர்கள் அனைவரும் அவள்மீது அன்புடையவர்களே. பெரும்பாலான இரவுகளில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். கருப்பை வளர வளர அதைத் தாங்கும் நார்கள் இழுபடுவதால் இடுப்போரத்தில் சுருக்கென்று வலிப்பதுண்டு. மலச்சிக்கலாலும் வலிக்கும். கடைசி மாதங்களில் பொய்வலி வந்து போவதும் இயல்பு. ஆனால், சில இரவுகளில் அவர்கள் சொல்வது தவறாகிவிடுகிறது. அந்தச் சில இரவுகளைப் பற்றியே நாம் இங்கு சொல்லப் புகுகின்றோம்.

சூலுற்ற வயிறு தன் நோயை மறைத்துக் காட்டும் இயல்புடையது. இதனை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வளரும் கருப்பை குடல்களை மேலும் பக்கமும் தள்ளிவிடுகிறது. வயிற்றின் முன்சுவர் விரிந்து தளர்ந்திருப்பதால், உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் மற்றவர்களுக்கு ஏற்படுவதுபோல் வயிறு இறுகிக் காட்டாமல் இருக்கலாம். குமட்டலும் வாந்தியும் கருவுற்றதன் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றன. நோய்த்தொற்று ஏற்பட்டால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் பெருகும் என்பது பொது விதி; ஆனால், கருவுற்ற பெண்ணுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் 15,000 வரை இருப்பதும் இயல்பாகவே அமையக்கூடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இரத்தத்தின் அளவு. கருக்காலத்தில் உடலின் இரத்தம் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. ஆதலால் வயிற்றுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசிந்த பின்னரும் அவளுடைய இரத்த அழுத்தம் சரியாகவே தோன்றலாம். அது வீழும்போது திடீரென வீழும். முகம் தெளிவாக இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

மேலே கூறிய இல்லத்துக்குத் திரும்புவோம். அம்மருமகளின் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்புறம் ஒதுங்கி நிற்கிறது. உணவில் விருப்பமில்லை. இலேசாகக் காய்ச்சல் காய்கிறது. இருமினாலும் நடந்தாலும் வலி கூடுகிறது. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கருவோடு தொடர்பில்லாத காரணங்களால் கருக்காலத்தில் செய்யப்படும் அவசர அறுவைச் சிகிச்சைகளுள் முதலிடம் பெறுவது இதுவே. ஏறத்தாழ 1,500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. கருப்பை பெருக்கும்போது குடல்வால் மேலே தள்ளப்படலாம். எனவே வலி வழக்கமான இடத்துக்குச் சற்று மேலே, விலாவோரத்திலும் தோன்றக்கூடும். எனினும் எந்த மாதமானாலும் வலப்பக்க அடிவயிற்று வலியே பெரும்பாலும் முதல் அடையாளமாக நிற்கிறது.

அமெரிக்க மருத்துவர் பாப்ளர் என்பவர் 1908-இலேயே இதைப் பற்றி எழுதினார். கருவுற்ற பெண்கள் குடல்வால் நோயால் மாள்வது உண்மையில் தாமதத்தால் மாள்வதே என்பது அவர் கண்ட முடிவு. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அம்முடிவு மாறவில்லை. குடல்வால் வெடிக்கும் முன் அறுவைச் சிகிச்சை செய்தால் கருவை இழக்க நேர்வது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கே. வெடித்துச் சீழ் பரவிய பின்னரோ அவ்விழப்பு நூற்றுக்கு இருபதையும் கடந்துவிடுகிறது. பிள்ளைக்கு ஆகாது என்று அறுவைக்கு அஞ்சிக் காத்திருப்பவர்கள், எந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்களோ அந்தப் பிள்ளையையே ஆபத்தில் இருத்துகின்றார்கள்.

வலி வரும் மாதத்தை நோக்கினால் அதன் காரணம் ஓரளவு புலப்படும். முதல் மூன்று மாதங்களில் முதலாவதாக ஐயுற வேண்டியது கருக்குழாய்க் கர்ப்பம். கரு கருப்பைக்குள் வந்து பதியாமல் வழியிலுள்ள குழாயிலேயே தங்கி வளர்கிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைகின்றன. மாதவிலக்குத் தள்ளிப்போன பின் ஆறாவது, எட்டாவது வார அளவில், அடிவயிற்றில் ஒருபுறம் வலியும் சிறிது உதிரப்போக்கும் தோன்றும். குழாய் கிழிந்துவிட்டால் இரத்தம் வயிற்றுக்குள் பெருகும். தலை சுற்றும், மயக்கம் வரும், தோளின் முனையில் காரணம் புரியாத வலி எடுக்கும். வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உள்ளே தேங்கிய இரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சென்று சேர்கின்றன. ஆகவே வயிற்றின் வலி தோளில் பேசுகிறது. தான் கருவுற்றிருப்பதையே அறியாத பெண்ணுக்கும் இது நேரலாம். பிள்ளை பெறும் வயதுடைய எந்தப் பெண்ணும் அடிவயிற்று வலியோடு வந்தால் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்துபார்ப்பது மருத்துவர்களின் வழக்கமாயிருப்பது இதனாலேயே. அதைக் கேட்டு வீட்டார் மனம் வருந்துவதற்கில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1883-ஆம் ஆண்டு லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர் கிழிந்த கருக்குழாயைக் கட்டி அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றிக் காட்டினார். அதற்கு முன்னர் இந்நோய் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. இன்றோ, உரிய காலத்தில் கண்டறிந்து குழாய் கிழியாமல் இருந்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் ஊசி மருந்தே போதுமாகிறது. கிழிந்தாலும் உடனே இரத்தம் ஏற்றி அறுவை செய்தால் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கருக்காலத்தின் முற்பாதியில் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது வலி கத்தியால் குத்தினாற்போல் திடீரென எழும், வாந்தியும் உடன்வரும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது விலாவின் கீழே எழுந்து முதுகுக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லால் நேரலாம். இடுப்பின் பின்புறத்தில் வலியும், குளிர்காய்ச்சலும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்று என்று ஐயுறலாம். முன்னர் வயிற்றில் அறுவை நடந்த பெண்ணுக்கு, பழைய தழும்பினால் உள்ளே ஒட்டிக்கொண்ட சவ்வில் குடல் சிக்கி அடைபடுவதும் உண்டு. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றும் பிரியாமல் இருந்தால் அதனை நினைவில் கொள்ள வேண்டும். இந்நிலையில் விளக்கெண்ணெய் கொடுப்பது பெருந்தீங்கு.

கடைசி மூன்று மாதங்களில் மூன்று அபாயங்கள் முன்னிற்கின்றன. முதலாவது, பிள்ளை பிறக்குமுன்பே நஞ்சு கருப்பையிலிருந்து பிரிந்துவிடுவது. நூறு கர்ப்பங்களில் ஏறத்தாழ ஒன்றில் இது நேர்கிறது. பேற்று நோவு அலை அலையாக வந்து இடையிடையே ஓயும். இந்த வலியோ பலருக்கு ஓய்வதில்லை. வயிறு மரக்கட்டைபோல் இறுகி நிற்கும். உதிரம் வெளியே சிறிதே காணலாம். உள்ளே தேங்கியிருப்பது மிகுதியாக இருக்கும். வெளியே கண்ட அளவைக்கொண்டு உள்ளே உள்ளதை எடைபோடலாகாது. இரண்டாவது, முன்பு சிசேரியன் செய்த தழும்பு பிரிவது. இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கிறது. எனினும் நேர்ந்தால் நிமிடங்கள்தாம் கணக்கு. ஆகவே முன் பேறு சிசேரியனாக இருந்தவர் வீட்டில் வலி பார்த்துக் காத்திருத்தல் ஆகாது. மூன்றாவதை மக்கள் எளிதில் ஏமாந்துபோய் நெஞ்செரிச்சல் என்பார்கள். மேல்வயிற்றில் அல்லது வலது விலாவின் கீழ் வலி, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகத்தில் வீக்கம், இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஆகியவை சேர்ந்தால், அது பேறுகால வலிப்புக்கு முன் தோன்றும் நோய். மக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான மருந்து அவ்வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் நிறுவியது.

இத்தனை காரணங்களில் எது என்று எவ்வாறு கண்டறிகின்றனர்? முதற்படி, மருத்துவர் கேட்பதும் கையால் தொட்டுப் பார்ப்பதுமே. வலி எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே சென்றது, ஓய்கிறதா ஓயவில்லையா என்பவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே பாதி வழியைக் காட்டிவிடுகின்றன. அடுத்தது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். இது ஒலியலையால் படம் எடுப்பது. இதில் கதிர்வீச்சு இல்லை. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. சோதனை உண்டு, அதிலும் எக்ஸ் கதிர் இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சி.டி. ஸ்கேனும் எடுக்க நேரலாம். 50 மில்லிகிரே அளவுக்குக் குறைந்த கதிர்வீச்சினால் சிசுவுக்கு அங்கக்குறை கூடுவதாகக் காணப்படவில்லை. வயிற்றை ஒருமுறை சி.டி. எடுப்பது பொதுவாக அவ்வளவுக்கு உட்பட்டதே. ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று அஞ்சிப் பாதி வழியில் திரும்பிச் செல்வது பேதைமை.

சிகிச்சைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தாயின் மூச்சும் இரத்த ஓட்டமும் சீராக்கப்படுகின்றன. ஐந்து மாதம் கடந்தவளை மல்லாந்து கிடத்துவதில்லை; கருப்பையின் பாரம் உடலின் பெருஞ்சிரையை அழுத்தி இதயத்துக்கு இரத்தம் திரும்புவதைத் தடுத்துவிடும். ஆதலால் இடப்புறமாகச் சாய்த்துக் கிடத்துவர். நோய் உறுதிப்பட்டபின், அறுவை வேண்டுமாயின் மாதம் பார்த்துத் தள்ளிப்போடுவதில்லை. வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையையும் கருக்காலத்தின் எப்பகுதியிலும் தேர்ந்தவர் கையால் பாதுகாப்பாகச் செய்யலாம். குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிடக்கூடும் என்று தோன்றினால், சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் வகையாக இருந்து உதிரப்போக்கு நேர்ந்தால், அடுத்த கருவைக் காக்க ஆண்டி-டி ஊசியும் தேவைப்படும். சுருங்கச் சொன்னால், தாயைக் காப்பதே சிசுவைக் காக்கும் முதல் வழி.

இந்த எல்லைப் பகுதிக்கு நல்ல மருத்துவம் புதிதன்று. கல்குளம் தாலுகாவைச் சார்ந்த நெய்யூரில் 1838-இலேயே இலண்டன் மிஷன் சங்கம் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922-இல் எவரெஸ்ட் மலையேறச் சென்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், அதன் பின் நெய்யூருக்கு வந்து, அங்கே காத்துக்கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு மனமுருகி, பல ஆண்டுகள் அங்கேயே தொண்டு புரிந்தார். அவர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி ஒன்று 2002 முதல் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் இயங்குகிறது. திருவனந்தபுரத்துத் தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-இல் திறக்கப்பட்டது. எல்லையின் இப்புறம், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. பாறசாலையிலிருந்து வடக்கே திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தெற்கே நாகர்கோவில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பேறுகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. வலி எடுத்த இல்லத்துக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைப்பது, இவ்வெண்ணிக்கையை இன்னும் குறைக்கும் வழிகளுள் ஒன்று.

அந்நேரத்தில் இல்லத்தார் செய்ய வேண்டியவை சிலவே. வலிக்குப் பெயர் சூட்டும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுக. நான்கு மணி நேரம் கடந்தும் ஓயாத வலி சூட்டு வலி என்று கொள்ளற்க. காய்ச்சல், ஓயாத வாந்தி, உதிரப்போக்கு, மயக்கம், தோள்வலி, இறுகிய வயிறு, கண் மங்கல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் நான்கு மணி நேரமும் காத்திருக்க வேண்டா. கஷாயம், அரிஷ்டம், பேதி மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகிய எதுவும் தரலாகாது. அறுவை வேண்டியிருக்கலாம் ஆகையால் உணவும் தர வேண்டா. இடப்புறமாகப் படுக்கச் செய்து 108-ஐ அழையுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அவசர ஊர்திக்கு அதுவே எண். எல்லையோரத்தில் இருப்பவர்கள், தாங்கள் எந்த மாநிலத்தில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை முதற்சொல்லாகக் கூறுதல் நலம்.

புறப்படும்போது தாய் சேய் அட்டையையும் பழைய ஸ்கேன் தாள்களையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதி வையுங்கள்: எத்தனை மாதம், வலி தொடங்கிய நேரம், முன்பு நடந்த அறுவைகள், இரத்த வகை, கடைசியாக உண்ட நேரம். பாறசாலையில் வயிற்று வலி என்றாலும் வயறு வேதன என்றாலும் புரிந்துகொள்வார்கள். டில்லியிலோ புனேயிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. வலி வந்தபின் மொழி தேடுவதைவிட, ஏழாம் மாதத்துக்கு முன்பே இத்தாளை அந்த ஊர் மொழியில் ஒருவரைக்கொண்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது எளிது. அரசு மருத்துவமனையை நாடும் கருவுற்ற பெண்களுக்குப் பேறும், சிசேரியனும், மருந்தும், இரத்தமும், வாகனமும் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2011 முதல் நாடெங்கும் உள்ளது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

இன்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. மேலே சொன்ன இல்லத்தில், எல்லாம் புரிந்த பின்னரும் ஒரு தயக்கம் எழும்: "அவன் மும்பையில் இருக்கிறான்; அவனைக் கேட்காமல் எப்படி வயிற்றைக் கிழிக்கச் சம்மதிப்பது? வந்து கையொப்பம் இடட்டும்." வயது வந்த பெண் தன் உடலுக்குரிய சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரும் உரிமை உடையவள், நினைவோடு இருக்கும் நோயாளிக்காக மற்றொருவர் தரும் சம்மதம் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியுள்ளது. அவள் நினைவிழந்து உயிர் ஊசலாடும் வேளையிலோ, மருத்துவர் எவர் கையொப்பத்துக்கும் காத்திராமல் அவளைக் காக்கலாம். மும்பையிலிருந்து வரும் இரயில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். குடல்வால் அத்தனை நேரம் பொறுக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

ஆதலால், பிற மாநிலங்களில் உழைத்து, சூலுற்ற மனைவியை ஊரில் விட்டிருக்கும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பணம் அனுப்பும்போது ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புங்கள். தாயாரிடமும் மாமியாரிடமும், எல்லாம் நலமாயிருக்கும் ஒரு பகற்பொழுதிலேயே, "அவளுக்கு வலி என்றால் என்னைக் கேட்க வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள், வழியில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கூறிவிடுங்கள். நள்ளிரவில் அந்த ஒரு சொல் அவர்களுடைய தயக்கத்தை நீக்கும். அது வெறும் வாயுவாக இருந்து காலையில் அவள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால், வண்டிச் செலவு வீண் என்று யாரும் வருந்த வேண்டா. அவ்வாறு திரும்புவதற்காகவே நாம் அவளை அழைத்துச் செல்லச் சொல்கிறோம்.